யாரும் போகாத நாட்டுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து போவது எப்படி

தூத்துக்குடியில் முந்திரிக்கொட்டை இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடு பாளையங்கோட்டை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் கினி-பிசாவ் என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. அதன் ஏற்றுமதியில் மிகப் பெரும் பங்கு முந்திரிக்கொட்டைதான். அந்தப் பக்கத்துக் கொட்டை கப்பலேறித் தூத்துக்குடிக்கு வந்து, இங்கே ஆலைகளில் உடைபட்டுப் பருப்பாகிறது. கொள்முதல் சீசனில் எடையும் கணக்கும் பார்க்க ஆள் வேண்டும் என்று முதலாளி என்னை அனுப்பி வைத்தார். புலம்பிக்கொண்டேதான் போனேன். திரும்பி வரும்போது, இப்படி இன்னும் எத்தனை நாடு யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறதோ என்ற அரிப்பு பிடித்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகு சொந்தச் செலவில், வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு, அந்த மாதிரி நாடுகளாகத் தேடிப் போகிறேன்.

சமாதானபுரம் டீக்கடையில் இது தெரிந்ததிலிருந்து ஒரே கேள்விதான். “அண்ணாச்சி, நானும் பாஸ்போர்ட் எடுத்திட்டேன். பாங்காக், துபாய்லாம் வேண்டாம். நீங்க போற மாதிரி ஊருக்கு எப்படிப் போகதுன்னு சொல்லுங்க.” ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்

சிங்கப்பூர் போகிறவர் போகிற டிக்கெட்டைப் பார்த்தால் போதும். திரும்புவதற்குத் தினமும் விமானம் இருக்கிறது. நான் சொல்லும் நாடுகளுக்கு வேலையைத் தலைகீழாகத் தொடங்கவேண்டும். அந்த நாட்டைவிட்டு வெளியே வரும் விமானம் வாரத்தில் எந்தெந்தக் கிழமை, எந்த ஊருக்கு என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

துவாலுவை எடுத்துக்கொள்வோம். பசிபிக் கடலில் ஒன்பது தீவு. எல்லாம் சேர்த்து 26 சதுர கிலோமீட்டர். சனம் ஏறக்குறைய பதினோராயிரம். நம் மாநகராட்சியில் ஒரு வார்டைப் பெயர்த்துக் கடலில் வைத்த அளவுக்குத்தான் ஆள். அங்கே போக பிஜியின் தலைநகர் சுவாவிலிருந்து வாரத்தில் சில நாள் மட்டும் பறக்கும் சின்ன ஏடிஆர் விமானம். தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இரண்டரை மணி நேரம். மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு விமானம் இல்லை. அடுத்தது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் பிஜியிலிருந்து சிங்கப்பூருக்கு நீங்கள் எடுத்து வைத்த டிக்கெட் வீணாய்ப் போயிருக்கும்.

நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது: தீவைவிட்டுக் கிளம்பும் விமானத்துக்கும் பிஜியைவிட்டுக் கிளம்பும் விமானத்துக்கும் நடுவே, தீவிலிருந்து வரும் இன்னொரு விமானம் இருக்கவேண்டும். முதலாவது ரத்தானாலும் இரண்டாவதில் வந்து சேரலாம். ரத்தாகாவிட்டால் அந்த உபரி நாட்களைப் பிஜியில் கழிக்கலாம். அங்கே பார்க்க நிறைய உண்டு, பிறகு சொல்கிறேன். டிராவல்ஸ்காரர் “எதுக்கு சார் வெட்டியா ரெண்டு நாள்?” என்று கேட்பார். அவர் துவாலு டிக்கெட் போட்டிருக்கமாட்டார். காதில் வாங்காதீர்கள்.

கினி-பிசாவில் இதே கணக்கு படகுக்கு. தலைநகர் பிசாவுக்கு எதிரே பிஜகோஸ் தீவுக்கூட்டம், 88 தீவு. அதில் புபாக்கி என்ற தீவுக்குப் பொதுப் படகு வாரம் ஒருமுறைதான்; அதுவும் கடல் ஏற்றம் பார்த்துக் கிளம்பும். கடிகாரத்தை நம்பிப் போனால் துறைமுகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். படகுக் கிழமையைத் தெரிந்துகொண்டு அதற்கு ஏற்ப விமானம் எடுங்கள்.

பசிபிக்கிலேயே இருக்கும் இன்னொரு நாடான கிரிபாட்டியில் வேறொரு பொறி. டராவா, கிரித்திமத்தி இரண்டும் ஒரே நாட்டுத் தீவுகள். வரைபடத்தில் ஒரே பெயரின் கீழ் இருக்கும். ஆனால் நடுவே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல். நாட்டின் ஒரு பாதிக்கு ஞாயிறும் மறுபாதிக்குத் திங்களுமாக இருந்ததைச் சரிசெய்ய 1995இல் சர்வதேசத் தேதிக்கோட்டையே கிழக்கே தள்ளிவைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

போகும் நாட்டு விசாவைவிட நடுவில் மாறும் நாட்டு விசா

துவாலுவுக்கு நம் பாஸ்போர்ட்டுக்குத் தரையிறங்கிய பின் அனுமதி தருகிறார்கள். பிஜிக்கு விசாவே வேண்டாம். திரும்பும் டிக்கெட்டும் ஆறு மாதம் செல்லுபடியுள்ள பாஸ்போர்ட்டும் போதும். ஆகச் சிக்கல் போகிற நாட்டில் இல்லை. நடுவில் விமானம் மாறும் நாட்டில் இருக்கிறது.

நவ்ரு என்ற பசிபிக் தீவு நாட்டுக்குப் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் வழியாகத்தான் போவார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியாவில் விமானம் மாறவே டிரான்சிட் விசா கேட்பார்கள். கட்டணம் இல்லை, ஆனால் முன்கூட்டி விண்ணப்பிக்கவேண்டும். நவ்ருவின் சொந்த விசா அது தனி; அதையும் கிளம்பும் முன்பே வாங்கவேண்டும். மார்ஷல் தீவுகளுக்கு ஹொனலுலுவிலிருந்து குவாம் வரை தீவு தீவாக இறங்கி ஏறும் ஒரு விமானம் உண்டு. கேட்க ஆசையாக இருக்கும். அதற்கு அமெரிக்க விசா வேண்டும். ஏற்கெனவே மகனைப் பார்க்க அமெரிக்கா போய்வந்த விசா கையில் இருப்பவர்களுக்கு இது நல்ல வழி, மற்றவர்கள் விட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர் வழி போகிறவர்களுக்கு ஒன்று. திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு மலிவாக ஒரு டிக்கெட், அங்கிருந்து பிஜிக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், பெட்டியை வெளியே போய் எடுத்துத் திரும்பப் போடவேண்டி வரலாம். வெளியே போக சிங்கப்பூர் விசா தேவை. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேராகப் போகும். மிச்சம் பிடிக்கிற ரூபாயைவிட இந்த நிம்மதி பெரிது.

அடுத்தது கவுண்டர். திருவனந்தபுரமோ சென்னையோ, செக்-இன் கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டி என்ற பெயர் புதிது. “இதுக்கு விசா எங்க சார்?” என்று கேட்டு, மேலாளரைக் கூப்பிட்டு, அரை மணி நேரம் போய்விடும். அவர்கள் பார்ப்பது டிமாடிக் என்ற ஒரு கணினித் தொகுப்பை. எந்தப் பாஸ்போர்ட்டுக்கு எந்த நாட்டில் என்ன விதி என்று அதில் இருக்கும். அதையே நாமும் இணையத்தில் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் உறுதிக் கடிதம் இரண்டையும் அதோடு பின் அடித்துக் கொண்டுபோங்கள். தாளாகக் கொடுத்தால் படிப்பார்கள். கைப்பேசியை நீட்டினால் வாங்கத் தயங்குவார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறையும் கிளம்பும் வாரத்தில் ஒருமுறையும் பாருங்கள்.

பாஸ்போர்ட் எடுக்கத் திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

பணம் தாளாக

துவாலுவில் முதல் ஏடிஎம் வந்தது 2025 ஏப்ரலில். அதுவரை நாடு முழுக்கத் தாள் பணம்தான். இப்போதும் ஏடிஎம்மை நம்பிப் போகாதீர்கள். இயந்திரம் ஓடவில்லை என்றால் கையில் இருக்கும் தாள்தான் துணை. துவாலு, கிரிபாட்டி, நவ்ரு மூன்றிலும் புழங்குவது ஆஸ்திரேலிய டாலர். நம்மூர்ப் பணமாற்றுக் கடைகளில் அமெரிக்க டாலரும் வளைகுடாப் பணமும் உடனே கிடைக்கும். ஆஸ்திரேலிய டாலரை முன்கூட்டிச் சொல்லிவைக்கவேண்டும். அதிலும் சின்னத் தாளாகக் கேளுங்கள். ஐம்பது டாலர் தாளை நீட்டினால் சின்னக் கடைக்காரர் சில்லறைக்கு எங்கே போவார்?

கினி-பிசாவில் சிஎஃப்ஏ பிராங்க். அது யூரோவோடு கட்டப்பட்ட பணம். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று நிலையான கணக்கு, நாளுக்கு நாள் மாறாது. எனவே அங்கே யூரோ கொண்டுபோவதுதான் சுலபம். கசங்காத, கிழியாத, பேனா கிறுக்காத தாள்கள்.

வெளிநாட்டு நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் வாங்க ரிசர்வ் வங்கி பெரும்பாலான நாடுகளுக்கு விடுவதில்லை. மீதியை வங்கி அட்டையில் ஏற்றி வைத்து, வழியில் பிஜி மாதிரி இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். பணத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள். வீட்டுக்காரி தன் பங்கை ஒரு சுருக்குப்பையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அந்தப் பாதுகாப்பு எந்த லாக்கருக்கும் வராது.

ஊசி, மாத்திரை

மேற்கு ஆப்பிரிக்கா போனால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். எந்த ஆஸ்பத்திரியிலும் போட்டுவிட முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, மஞ்சள் அட்டையில் முத்திரை வாங்கவேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் நம்மூர்க்காரர்கள் வழக்கமாகப் போகும் இடம். பக்கத்தில் வேறு மையம் உண்டா என்று மத்திய சுகாதாரத் துறையின் பட்டியலைப் பாருங்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். 2016இலிருந்து ஒருமுறை போட்ட ஊசி ஆயுள் முழுக்கச் செல்லும். அறுபது வயதைத் தாண்டியவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் டாக்டரிடம் பேசாமல் போடவேண்டாம்.

கினி-பிசாவில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையைப் போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பின்னும் டாக்டர் சொன்ன நாள்வரை விழுங்கவேண்டும். பாதியில் விட்டுவிட்டு “ஒண்ணும் ஆகல பாத்தீயா” என்று சொல்கிறவர்கள்தான் ஊருக்கு வந்து படுக்கிறார்கள். துவாலு, பிஜி, கிரிபாட்டியில் மலேரியா கிடையாது, டெங்கு உண்டு. கொசுவலையும் களிம்பும் எங்கே போனாலும் பெட்டியில் இருக்கட்டும்.

சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரையெல்லாம் போகும் நாட்களுக்கு இரட்டிப்பாகக் கொண்டுபோங்கள். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில். துவாலுவில் ஓர் ஆஸ்பத்திரி உண்டு. பெரிய வியாதி என்றால் அவர்களே ஆளை வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். எனவே பயணக் காப்பீடு எடுக்கும்போது, நோயாளியை விமானத்தில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். பெட்டி தொலைந்தால் எவ்வளவு தருவார்கள் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம்.

பெட்டிக்குள் அல்வா வேண்டாம்

நம்மாட்கள் எங்கே கிளம்பினாலும் அரைக்கிலோ அல்வா வாங்கிவிடுவார்கள். பிஜி, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வெளியூர்ப் பூச்சியும் நோயும் வந்துவிடக்கூடாது என்று ரொம்பக் கெடுபிடி. பால், நெய், தேன், விதை, பழம், இறைச்சி எல்லாவற்றுக்கும் கேள்வி உண்டு. அல்வாவில் நெய் வழிகிறதே, என்ன செய்வது? வருகைப் படிவத்தில் சாப்பாட்டுப் பொருள் இருக்கிறது என்று டிக் போட்டுக் காட்டினால் பறித்துக்கொண்டு விடுவார்கள், அவ்வளவுதான். காட்டாமல் பிடிபட்டால் அபராதம். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் மாதிரி நன்றாக அடைத்துப் பெயர் அச்சிட்ட பொட்டலம் என்றால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விடுகிறார்கள். அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

அன்பளிப்புக்குப் பத்தமடைப் பாயில் செய்த சின்னக் கைப்பை நல்ல தேர்வு. கோரையும் செடிதானே, அதையும் காட்டித்தான் கொண்டுபோகவேண்டும். பசிபிக் தீவுப் பெண்கள் தாழை ஓலையில் பாய் முடைகிறவர்கள். என் வீட்டுக்காரி கொடுத்த பையை ஒரு பாட்டி திருப்பித் திருப்பிப் பார்த்து, விளிம்பை எப்படி மடக்கியிருக்கிறது என்று விரலால் தடவியே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை கிடையாது. ஒரு மணி நேரம் பேசினார்கள்.

சின்ன விமானத்தில் எடை கூடினால் பெட்டி அடுத்த விமானத்தில் வரும். அடுத்த விமானம் எப்போது என்று மேலே சொன்னேன். ஆகவே இரண்டு நாள் துணி, மாத்திரை, சார்ஜர் எல்லாம் கைப்பையில். பிளக் விஷயம்: பிஜி, துவாலுவில் ஆஸ்திரேலியாவின் சாய்ந்த கால் பிளக், கினி-பிசாவில் ஐரோப்பாவின் உருண்டைக் கால். ஆர்டிஓ ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி வையுங்கள்; தீவில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க உதவும்.

முதல் பயணத்துக்குத் துவாலு

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பிஜி வழியாகத் துவாலு என்றுதான் சொல்வேன். ஆங்கிலம் செல்லும், சோறு கிடைக்கும், திருட்டுப் பயம் இல்லை. மே முதல் அக்டோபர் வரை போங்கள். மற்ற மாதங்கள் மழையும் புயலுமான காலம்.

பிஜியில் இறங்கும் ஊர் நாண்டி. அங்கே ஒரு முருகன் கோயில் இருக்கிறது, ஸ்ரீ சிவ சுப்பிரமணிய சுவாமி கோயில். கோபுரமும் வர்ணமும் நம்மூர்க் கோயில்தான். 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து அறுபதாயிரம் பேரைப் பிஜிக்குக் கொண்டுபோனார்கள். 1903இலிருந்து சென்னைத் துறைமுகத்திலும் ஆள் ஏற்றினார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் கோயிலை நடத்துகிறார்கள். தென்னிந்தியர்களுக்கென்று 1926இல் தொடங்கிய சங்கம் இன்றும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. வீட்டில் பேசுவது பிஜி இந்தி. தமிழ் பெரியவர்கள் சிலரிடம் மட்டும் மிச்சம். திருநெல்வேலி என்று சொன்னதும் ஒருவர், “எங்க தாத்தாவும் அந்தப் பக்கம்தான், ஊர்ப்பேருதான் தெரியல” என்று இந்தியில் சொன்னார். உபரி நாட்களை இங்கே கழியுங்கள் என்றேனே, காரணம் இதுதான்.

நாண்டியிலிருந்து சுவாவுக்குப் பேருந்தில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. துவாலு விமானம் கிளம்புவது சுவாவுக்கு வெளியே நௌசோரி என்ற இடத்தில். முந்தின நாளே சுவா போய்ச் சேர்ந்துவிடுங்கள். சுவாவில் நம் இந்தியத் தூதரகம் இருக்கிறது. துவாலு, கிரிபாட்டி, நவ்ரு, டோங்கா நாடுகளையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. அந்தத் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

ஃபுனாஃபுட்டியில் இறங்கினால் விமான ஓடுபாதைதான் ஊரின் நடு மைதானம். இரண்டாம் உலகப் போரில் 1943இல் அமெரிக்கப் படை போட்ட பாதை. விமானம் வருமுன் சைரன் ஊதுவார்கள், எல்லாரும் விலகிவிடுவார்கள். விமானம் போன பிறகு சாயங்காலம் பையன்கள் அதிலேயே பந்து விளையாடுவார்கள், வாலிபால் வலை கட்டுவார்கள், வெக்கை தாங்காத நாளில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு. நீங்களும் போய் உட்காரலாம்; யாரும் விரட்டமாட்டார்கள். தங்குவதற்கு ஓடுபாதையை ஒட்டியே சில விடுதிகள் உண்டு. அறைகள் குறைவு. அரசாங்கக் கூட்டம், பருவநிலைக் கருத்தரங்கு ஏதாவது நடந்தால் ஒன்றும் கிடைக்காது. விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கிய பிறகே விமான டிக்கெட் எடுங்கள். பதில் வரத் தாமதமாகும். மறுபடி அனுப்புங்கள், கோபப்படாதீர்கள்.

ஆறு, ஏரி எதுவும் கிடையாது. மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத்தான் நாடே குடிக்கிறது. தாராளமாகக் குளிக்கும் நம் தாமிரபரணிப் பழக்கத்தை அங்கே மறந்துவிடவேண்டும்; ஒரு வாளி போதும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதும் தூங்குவதும் தவிர வேறு வேலை நடக்காது. சனிக்கிழமையே ரொட்டி, முட்டை வாங்கி வையுங்கள். கடலில் குளிக்கும்போதுகூட பெண்கள் முழங்காலுக்குக் கீழே மறைத்துத்தான் உடுத்துகிறார்கள். நம் சேலை, சுடிதார் அங்கே பொருந்தும், ஆண்கள் அரைக்கால் சட்டையோடு ஊருக்குள் திரியாமல் இருந்தால் நல்லது.

பார்க்கவேண்டியது என்ன என்று கேட்பீர்கள். படகு பிடித்துக் காயலின் மேற்கே இருக்கும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிக்குப் போங்கள். 1996இல் ஒதுக்கிய இடம், ஆளில்லாத குட்டித் தீவுகள், ஆமை, பறவை. நாட்டின் தபால்தலை விற்கும் அலுவலகம் ஒன்று உண்டு, சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது தென்னை. காலையும் மாலையும் பையன்கள் மரமேறிப் பாளை சீவி, வடியும் சாற்றை இறக்குகிறார்கள். பனையேறிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கத்தி பிடிக்கும் விதமே சொல்லிவிட்டது. அதை அப்படியே குடித்தால் நம் பதனி. காய்ச்சினால் செம்பழுப்பாக, கெட்டியாக, பதனியைக் காய்ச்சிய பாகான நம் கூப்பனி மாதிரியே ஒன்று. புளிக்க விட்டால் கள். உடன்குடிக் கருப்பட்டி ஒரு துண்டு கொண்டுபோயிருந்தேன், அதுவும் படிவத்தில் எழுதிக் காட்டித்தான். விடுதிக்காரம்மா நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, எந்த மரம் என்று கேட்டாள். பனை அங்கே கிடையாது. படம் காட்டினேன். இவ்வளவு உயரத்துக்கா ஏறுகிறார்கள் என்றாள். நம்மூரில் கள் இறக்கினால் போலீஸ் பிடிக்கும் என்றதை அவள் நம்பவில்லை.

நவ்ரு பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 21 சதுர கிலோமீட்டர், பாஸ்பேட் தோண்டி நடுப்பகுதி முழுக்கப் பாறைக்கூம்புகளாய்க் கிடக்கிறது, ஒரே நாளில் சுற்றிவிடலாம், செலவு அதிகம். பட்டியலில் டிக் போட ஆசைப்படுபவர்கள் போகலாம். டராவா அதைவிடத் தேவலை. 1943 நவம்பரில் நடந்த கடும்போரின் பீரங்கிகள் பேட்டியோ கரையில் இன்னும் துருப்பிடித்து நிற்கின்றன. கிணற்றுத் தண்ணீரை மட்டும் அங்கே வாயில் வைக்காதீர்கள்.

பழகியவர்களுக்குக் கினி-பிசாவ்

ஒருமுறை சின்னத் தீவு பார்த்துப் பழகியபின் கினி-பிசாவ். திருவனந்தபுரத்திலிருந்து தோஹா அல்லது துபாய், அங்கிருந்து மொராக்கோவின் காசாபிளாங்கா, அங்கிருந்து பிசாவ். விமானம் கண்ட நேரத்தில் போய் இறக்கும். எனவே விடுதியிலிருந்து கூட்டிப்போக ஆள் வருவதை உறுதி செய்யுங்கள். விசா அங்கேயே தருவதாக விதி இருந்தாலும், உள்ளூர் விடுதியோ நிறுவனமோ கொடுத்த அழைப்புக் கடிதம் கையில் இருந்தால் வழியில் கேள்வி குறையும்.

கிளம்பும் முன் அரசியல் செய்தியைப் படியுங்கள். 1974இல் போர்ச்சுகல் அங்கீகரித்த சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே பலமுறை ராணுவம் ஆட்சியைப் பிடித்திருக்கிறது. 2012இல் ஒருமுறை, கடைசியாக 2025 நவம்பரில், தேர்தல் முடிந்த கையோடு. தேர்தல் நேரத்தில் போகவே கூடாது. ஊர்ச் சனங்கள் சாதுவானவர்கள்; பிரச்சினை மேலிடத்தில்தான். ராணுவ வீரர், துறைமுகம், ஜனாதிபதி மாளிகை ஆகியவற்றைப் படம் எடுக்காதீர்கள். கைப்பேசி போய்விடும். அங்கே நம் தூதரகம் இல்லை. செனகலில் டாக்காரில் இருப்பதுதான் இந்த நாட்டையும் கவனிக்கிறது.

நவம்பர் முதல் மே வரை வறண்ட காலம். மார்ச் கடைசியிலிருந்து முந்திரி சீசன். ஊர் முழுக்கக் கொல்லாம்பழ வாசனை, அதாவது முந்திரிப்பழம். பழத்தைப் பிழிந்து அங்கேயும் புளிக்கவைத்துக் குடிக்கிறார்கள். கொட்டையை 80 கிலோ மூட்டைக் கணக்கில் பேசுவார்கள். நாங்கள் மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்துக் கொட்டையை எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டி, பருப்பு எவ்வளவு தேறும் என்று அவுட்டர்ன் பார்ப்போம். விவசாயி பக்கத்திலேயே குந்தியிருப்பார். கொட்டைக்குப் பதிலாக அரிசி மூட்டை வாங்கிப்போகிற வழக்கமும் உண்டு. சீசனில் போகிறவர்கள் ஏதாவது கிராமத்தில் இந்த எடை போடும் இடத்தைப் பாருங்கள். முன்பின் தெரியாதவரையும் உட்காரச் சொல்லிப் பச்சைத் தேயிலைக் கஷாயம் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் தருவார்கள். மூன்று சுற்று வரும். முதல் சுற்றோடு எழுந்து போவது மரியாதை இல்லை.

சாப்பாடு கவலையே இல்லை. மூன்று வேளையும் சோறு, மீன். நிலக்கடலைக் குழம்பு, வெண்டைக்காய் எல்லாம் உண்டு. சைவக்காரர்கள் “மீன் இல்லாமல்” என்று சொல்லப் போர்ச்சுகீசிய வாக்கியம் ஒன்றை எழுதிவைத்துக் காட்டுங்கள். ஆங்கிலம் அங்கே எடுபடாது. சந்திக்கும் யாரிடமும் முதலில் “கூமா?” என்று நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். விலை கேட்கும்போதும் அப்படித்தான். நகருக்குள் போக நீலமும் மஞ்சளும் பூசிய டோக்கா-டோக்கா வேன்கள். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், நம் ஷேர் ஆட்டோ ஏறியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிஜகோஸ் தீவுகளை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒராங்கோ தீவில் உப்புத் தண்ணீரில் இறங்கும் நீர்யானைகள் உண்டு. பொய்லாவ் தீவில் மழைக்காலக் கடைசியில் பச்சை ஆமைகள் கூட்டங்கூட்டமாக முட்டையிட ஏறும். அங்கே போகத் தனிப் படகு வைக்கவேண்டும். எரிபொருள் விலைதான் செலவில் பெரும்பங்கு. ஆகவே நாலைந்து பேர் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும். சில தீவுகள் அந்த மக்களுக்குப் புனிதமானவை. கூட வரும் படகோட்டி இறங்கவேண்டாம் என்றால் இறங்காதீர்கள், ஏன் என்று வாதாடவும் வேண்டாம். உயிர்காப்புச் சட்டை இல்லாத படகில் ஏறாதீர்கள்.

திரும்பி இந்தியாவில் இறங்கும்போது, குடியேற்றக் கவுண்டருக்கு முன்னாலேயே சுகாதார மேசை இருக்கும். மஞ்சள் காய்ச்சல் நாட்டிலிருந்து வருகிறவரிடம் அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமையில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த அட்டையைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல், பாஸ்போர்ட்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.